ராசி தியானத்தில் தூக்கம் வருகிறது, என்ன செய்ய?

கேள்வி: காலபுருஷ முறையில் மேஷம் தலை, மீனம் பாதம் என்று 12 ராசிகளையும் உடலில் நினைத்துத் தியானிக்கும்போது பாதியிலேயே கண் சொக்குகிறது. ஆசனத்தோடும் சேர்க்கலாமா?

பதில் 1: படுத்துச் செய்யாதீர்கள், சுகாசனத்தில் உட்காருங்கள். வரிசையையும் திருப்புங்கள்: மீனத்தில் தொடங்கி, கும்பம் கெண்டைக்கால், மகரம் முழங்கால் என மேலேறி மேஷத்தில் முடியுங்கள். ராசிக்கு 5 மூச்சு, மொத்தம் 60. வயிறு நிறைந்திருந்தால் எந்த வரிசையும் உதவாது.

பதில் 2: தாராளமாகச் சேர்க்கலாம். ஜென்ம ராசியை விட மாத ராசியே, அதாவது அந்த மாதம் சூரியன் இருக்கும் ராசியே, இதற்குப் பொருத்தம் என்பேன். தையில் சூரியன் மகரத்தில், அதாவது முழங்கால். அதற்கு வீரபத்ராசனம் (ஒரு காலை முன்வைத்து முட்டியை மடக்கி நிற்பது) செய்யலாம். அதில் முன்கால் முட்டி கணுக்காலைத் தாண்டினால் முட்டியில்தான் பாரம் ஏறும்; கால்களை இன்னும் அகட்டி வையுங்கள். ஆங்கில ராசிபலன் தேதிகளைப் பார்க்க வேண்டாம், அதில் மகரம் டிசம்பர் 22 வாக்கிலேயே பிறந்துவிடும்.

கேட்டவர்: மிதுனத்துக்கு இரு தோளும் ஒன்றாகவா?

பதில் 1: ஆமாம், இரட்டையர் ராசி அல்லவா! மூச்சை விடும்போது இரண்டையும் சேர்த்தே தளர்த்துங்கள்.