130 பவுண்டு வெலிங்டன் பூட்ஸ்: தோட்டத்துக்கு அவ்வளவு காசு தேவையா?

ஹாரோ_கத்தரி:
எல்லாருக்கும் வணக்கம். ஹாரோ பக்கம் அலாட்மென்ட்ல, அதான் காய்கறி போட வாடகைக்கு விடுற நிலத்துல, பாதி பிளாட் (துண்டு) எடுத்திருக்கேன், இங்கத்திய பழைய அளவுல 5 போல், அதாவது சுமார் 125 சதுர மீட்டர். முழுக்க லண்டன் களிமண், நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் கால வச்சா எடுக்க முடியல. சூப்பர்மார்க்கெட்ல வாங்கின 15 பவுண்டு வெலிங்டன், அதான் தண்ணி புகாத முழங்கால் உயர பூட்ஸ், கணுக்கால் மடியுற இடத்துல பிளந்து தண்ணி உள்ள வருது. இந்தத் தடவை நல்லதா ஒண்ணு வாங்கலாம்னு பார்த்தா ஹன்டர் கம்பெனி பூட்ஸ் 130 கிட்ட வருது, எய்கிள் அதுக்கும் மேல, லெ ஷாமோ 200ஐத் தாண்டிடுது. வீட்டுக்காரர் சேத்துல மிதிக்கிற செருப்புக்கு இவ்ளோவான்னு கேக்குறார். ஃபேஷன் எனக்கு வேணாம், தோண்டணும், உரம் தள்ளணும், குளிர்ல லீக்ஸ் (பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்கும்) புடுங்கணும், அவ்வளவுதான். இதுக்கு அந்தக் காசு தகுமா?

டெவன்_மழை:
தகும். யோசிக்காம வாங்குங்க. 15 பவுண்டு பூட்ஸ் எல்லாம் பிவிசி, அச்சுல ஊத்தி எடுக்குறது. பிளாஸ்டிக்க மென்மையா வச்சிருக்கிற சேர்மானம் நாளாக ஆக வெளியேறிடும், குளிர்ல வேற இறுகிப் போகும், அப்புறம் நீங்க குனிஞ்சு நிமிர்றப்ப எந்த இடம் மடியுதோ அந்த இடத்துலதான் கோடு விழுந்து பிளக்கும், உங்களுக்கு நடந்தது அதேதான். இயற்கை ரப்பர் குளிர்லயும் மடங்கும். விலை கூடின பூட்ஸ்ல பெரும்பாலும் பாதத்துக்கு அடியில, குழிவான பகுதியில ஒரு இரும்புப் பட்டை வச்சிருப்பாங்க. மண்வெட்டிய, அதாவது ஸ்பேட, கால வச்சு களிமண்ல இறக்குறப்ப பாரம் முழுக்க அந்த இடத்துலதான் விழும். பட்டை இல்லாத பூட்ஸ்ல ஒரு சனிக்கிழமை முழுக்க தோண்டிப் பாருங்க, ஞாயிற்றுக்கிழமை பாதம் தரையில வைக்க முடியாது.

வன்னி_மண்வெட்டி:
தங்கச்சி, அவசரப்படாதேங்கோ. உந்த 130 பவுண்டில பாதிக்கு மேலை பேருக்குக் குடுக்கிற காசு. ஹன்டர் எண்டா ஸ்கொட்லாந்துச் சாமான் எண்டு சனம் இன்னும் நினைக்குது. 1856இல எடின்பரோவில நோர்த் பிரிட்டிஷ் ரப்பர் கொம்பனியா தொடங்கினது உண்மை, முதலாம் உலக யுத்தத்தில பதுங்குகுழிக்குள்ள நிண்ட ஆமிக்கு கிட்டத்தட்ட 12 லட்சம் சோடி செய்து குடுத்ததும் உண்மை. ஆனா 2008இல இஞ்ச செய்யிறதை நிப்பாட்டி வெளிநாட்டுக்குக் கொண்டு போட்டினம். 2023இல கொம்பனியே கடனில விழுந்து, பேரை மட்டும் ஒரு அமெரிக்கக் கொம்பனி வாங்கினது. இளவரசி டயானா போட்டவ, மொடல் கேட் மோஸ் 2005இல கிளாஸ்டன்பரி இசை விழாச் சேத்துக்குள்ள போட்டவ, அதாலைதான் விலை ஏறினது, தோட்டக்காரர் கேட்டு ஏறேல்லை. நான் கனகாலமா மலிவு பூட்ஸ் போட்டுத்தான் போஞ்சி, பூசணி, உருளைக்கிழங்கு எல்லாம் செய்யிறன், பிளந்தா இன்னொண்டு. ஒரு 130க்கு எட்டுச் சோடி வாங்கலாம்.

டெவன்_மழை:
அண்ணே, எட்டு ஜோடி பிவிசி எட்டுத் தடவை குப்பைக்குப் போகுது, அத யாரு கணக்குல எடுக்குறது? அதுவும் போக நீங்க ஹன்டர மட்டும் வச்சு எல்லாத்தையும் தள்ளுறீங்க. எய்கிள் 1853ல ஆரம்பிச்சது, அவங்க ரப்பர் பூட்ஸ் இன்னும் பிரான்ஸ்ல, ஆங்கிராண்ட்ங்கிற ஊர்லதான் கையால ஒட்டிச் செய்றாங்க. பேருக்குக் காசுன்னா எல்லாருக்கும் அது பொருந்தாது.

வன்னி_மண்வெட்டி:
கையால ஒட்டினது எண்டா ஒட்டு விடவும் செய்யும் தம்பி. பல துண்டு ரப்பரை ஒட்டி வேகவைச்சுத்தான் உந்த பூட்ஸ் வருது, அந்தப் பொருத்து ஒண்டு விட்டா 130ம் தண்ணிக்குள்ள. என்ர பக்கத்துக் காணிக்காரர் விலை கூடின சோடி ஒண்டு வாங்கி ரெண்டாம் வருசமே குதிக்கு மேலை பிளந்து நிண்டவர், பேர் சொல்லேல்லை, ஆனா அவற்ற மூஞ்சை எனக்கு மறக்கேலாது. பிவிசி ஒரே வார்ப்பு, பொருத்தே இல்லை.

பட்டி_பால்காரன்:
ரெண்டு பேரும் நடுவுல இருக்குறத விட்டுட்டீங்க. நான் ஷ்ரொப்ஷயர்ல பால் பண்ணையில வேலை பாக்குறேன், காலைல நாலரைக்கு பூட்ஸ்ல கால விட்டா சாயங்காலம்தான் எடுப்பேன், சாணி மூத்திரம் ஆசிட் கழுவல் எல்லாம் அதுலதான். எங்க பண்ணையில ஒருத்தர் கால்ல கூட நீங்க சொல்ற ஹன்டர், லெ ஷாமோ கிடையாது. எல்லாரும் போடுறது பாலியூரித்தேன்ங்கிற நுரை மாதிரி பிளாஸ்டிக்ல செஞ்சது, டன்லப் பியூரோஃபோர்ட் இல்லன்னா பெல்ஜியத்து பெக்கினா. உள்ளுக்குள்ள பூரா சின்னச் சின்னக் காத்துக் குமிழியா இருக்கும், அதனால எடை ரப்பர விட ரொம்பக் கம்மி, குளிரும் உள்ள ஏறாது. விலை 60ல இருந்து 80 பவுண்டு. வேலைக்குன்னு செஞ்ச சாமான வாங்குங்க, தோட்டம்னு எழுதி விக்கிறத வாங்காதீங்க.

ஹாரோ_கத்தரி:
இது எனக்குத் தெரியவே தெரியாது ப்ரோ. தோட்டக் கடையில ஒரு இடத்துலயும் பாக்கல.

பட்டி_பால்காரன்:
அங்க இருக்காது. மாட்டுத் தீவனம், வேலிக் கம்பி விக்கிற விவசாயக் கடைக்குப் போங்க, இல்ல ஆன்லைன்.

செவிலி_சுபா:
நான் ஏ அண்ட் இ-ல, அதான் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுல, வேலை செய்றேன், வசந்த காலம் வந்தா தோட்டக் காயங்கள் வரும். இங்க எல்லாரும் தண்ணி உள்ள வருதா இல்லையான்னு பேசுறீங்க, மண்ணு கிளறுற ஃபோர்க்கோட பல்லு பூட்ஸுக்குள்ள இறங்குறதப் பத்தி யாருமே பேசல. 15 பவுண்டு பிவிசியும் சரி 200 பவுண்டு ரப்பரும் சரி, முன்பக்கம் ஃபோர்க்குக்கு ஒண்ணுதான், அப்படியே துளைச்சிட்டுப் போயிடும். அப்புறம் மண்ணு, குதிரைச் சாணி எல்லாம் காயத்துக்குள்ள, டெட்டனஸ் ஊசி எப்பப் போட்டதுன்னே ஞாபகம் இருக்காது. எஸ்5ன்னு முத்திரை போட்ட பாதுகாப்பு பூட்ஸ் வாங்குங்க, விரல் பக்கம் மூடி இருக்கும், அடிப்பக்கம் ஆணி ஏறாத தகடு இருக்கும். கட்டடச் சாமான் விக்கிற கடையில 25, 30 பவுண்டுக்கே கிடைக்குது. விலைக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமே இல்லங்கிறதுக்கு இத விட என்ன வேணும்?

இன்னொண்ணு, ஓட்டை பூட்ஸ் போட்டுட்டு ஒப்பேத்தாதீங்க. அலாட்மென்ட்ல எலி இல்லாத இடமே கிடையாது, எலி மூத்திரம் கலந்த தண்ணி கால்ல இருக்கிற சின்னக் கீறல் வழியா போனா லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம், இங்க வைல்ஸ் நோய்னு சொல்வாங்க. அபூர்வம்தான், ஆனா வந்தா கிட்னி, கல்லீரல் வரைக்கும் போகும்.

டெவன்_மழை:
அக்கா சொன்னதுல பாதுகாப்பு சரி, ஆனா எஸ்5 பூட்ஸ் போட்டுட்டு முட்டி போட்டு களை எடுத்துப் பாத்திருக்கீங்களா? விரல் பக்கம் மூடி மடங்காது, குந்தினா விரல் மேல அழுத்தும், குளிர்ல இரும்பு ஜில்லுன்னு ஏறும். தோண்டுறது வருஷத்துல கொஞ்ச நாள், குந்துறதும் முட்டி போடுறதும் தினம். அதுக்குத்தான் மென்மையான ரப்பர் கேக்குறேன்.

செவிலி_சுபா:
அப்ப தோண்டுற நாளுக்கு மட்டும் அதப் போடுங்க. 25 பவுண்டுதானே.

நெல்லை_நோடிக்:
ஹாரோ அக்கா, நான் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க. மண்ணு பூட்ஸ்ல ஒட்டுதுன்னா அந்த மண்ணுல அன்னைக்கு மிதிக்கவே கூடாது, இது இந்த நாட்டுத் தோட்டக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. ஈரக் களிமண்ண மிதிச்சா அதுல இருக்கிற காத்து இடைவெளி எல்லாம் நசுங்கிப் போயிடும், வெயில் வந்ததும் செங்கல் மாதிரி ஆயிடும், அப்புறம் கேரட் வேரு எங்க போகும்? சாமர்செட்ல சார்ல்ஸ் டௌடிங் வருஷக்கணக்கா செஞ்சு காட்டுறது இதுதான், தோண்டாம மேல கம்போஸ்ட் போடுறது. பாத்தி 4 அடி அகலம், ரெண்டு பக்கமும் கை எட்டும், நடக்குற பாதையில மரச்சீவல் கொட்டிட்டா பழைய டிரெய்னர் ஷூ போட்டுட்டே லீக்ஸ் புடுங்கலாம். 130 பவுண்டுக்கு எத்தனை மூட்டை கம்போஸ்ட் வரும்னு பாருங்க. பூட்ஸ் பிரச்சினையே இல்ல இது, மண்ணுப் பிரச்சினை.

வன்னி_மண்வெட்டி:
தம்பி சொல்லுறது கேக்க நல்லாயிருக்கு, ஆனா முதல் வருசம் அந்தக் காணியில கவுச் புல்லு, பைண்ட்வீட் எண்ட களையள் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும், மேலை கொஞ்சம் கம்போஸ்ட் போட்டா அது சிரிச்சுக்கொண்டு வெளியில வரும். கம்போஸ்ட் ஏத்தின வீல்பரோவை கேட்டடியில இருந்து சேத்துப் பாதையால தள்ளிக்கொண்டு வாறது ஆர்? டிரெய்னரோட வந்தா சொக்ஸ் வரைக்கும் ஊறும். மிதிக்கிறதுக்கு ஒரு பலகை போடுங்கோ, அது சரி. பூட்ஸ் வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ.

நெல்லை_நோடிக்:
கவுச் புல்லுக்கு அட்டைப்பெட்டி விரிச்சு அதுக்கு மேல போடணும் அண்ணே. ஆனா வீல்பரோ விஷயம் ஒத்துக்கிறேன்.

பெல்ஃபாஸ்ட்_பூங்கோதை:
ஆம்பளைங்க யாருமே பேசாத ஒண்ணு: கெண்டைக்கால். எனக்கு பாதம் 5, கெண்டைக்கால் பெருசு. மலிவு பூட்ஸ்ல பாதம் சரியா இருந்தா மேல ஏறாது, மேல ஏறுறதுக்கு 7 வாங்கினா உள்ள பாதம் தனியா நீந்துது, களிமண்ல கால எடுத்தா கால் மட்டும் வெளிய வருது பூட்ஸ் மண்ணுலயே நிக்குது. லெ ஷாமோல ஒரே பாத சைஸுக்கு வேற வேற கெண்டைக்கால் அகலம் கிடைக்குது. அந்த ஒரு காரணத்துக்காக நான் 200க்கு மேல குடுத்தேன், மனசு வலிக்கல. இந்த உடம்புக்குப் பொருந்துற மாதிரி 15 பவுண்டுக்கு யாராவது செஞ்சா அடுத்த நிமிஷம் அத வாங்குவேன், யாரும் செய்யல.

பட்டி_பால்காரன்:
அக்கா, நியாயம். ஆனா முழங்கால் உயரம் தோட்டத்துக்கு எதுக்கு? கணுக்காலுக்கு மேல நிக்கிற குட்டை பூட்ஸ் இருக்கே, முட்டி போட்டாலும் பின்னாடி விளிம்பு குத்தாது.

பெல்ஃபாஸ்ட்_பூங்கோதை:
எங்க பிளாட் ஓடைக்குப் பக்கத்துல, மழைக்காலத்துல கணுக்கால் வரை தண்ணி நிக்கும். தொட்டா எரியுற நெட்டில் செடி வேற. குட்டை பூட்ஸ் போட்டா பேன்ட் வழியா சுடும்.

ஹாரோ_கத்தரி:
ரப்பர்னு முடிவு பண்ணினா எப்படிப் பாத்துக்கணும்? ஒரு ஃப்ரெண்டோட பூட்ஸ் மேல பூரா வெள்ளையா பூத்திருக்கு, போலின்னு சொல்றாங்க.

டெவன்_மழை:
போலி இல்ல. அது உண்மையான ரப்பர்னுதான் காட்டுது. ரப்பர காத்துல இருக்கிற ஓசோன் வெடிக்க வச்சிடும், அதத் தடுக்க உள்ள மெழுகு சேப்பாங்க, அது மெதுவா மேல வந்து வெள்ளையா நிக்கும். துணியால துடைச்சா போதும், சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கலாம். ஆலிவ் எண்ணெய் தடவச் சொல்வாங்க, வேணாம், எண்ணெய் ரப்பருக்கு ஆகாது. வெயில்ல வைக்காதீங்க, ரேடியேட்டர் பக்கத்துல காய வைக்கவே வைக்காதீங்க, உள்ள பேப்பர் திணிச்சு நிழல்ல விடுங்க.

ஓட்டை விழுந்தா சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டுற அதே சாமான் போதும். ரோஜா முள்ளு ஏறின இடத்த முதல்ல காய விடணும், உப்புத்தாள வச்சு பளபளப்பு போற வரைக்கும் தேய்க்கணும், சொல்யூஷன மெல்லிசா தடவி விரல் வச்சா ஒட்டாத அளவுக்குக் காய விட்டுத்தான் பேட்ச் வைக்கணும், ஈரமா இருக்கும்போது வச்சா ரெண்டே நாள்ல உரிஞ்சு வந்துடும். ஸ்பூனோட பின்பக்கத்தால நடுவுல இருந்து ஓரத்துக்கு அழுத்துங்க. என்னோட ஜோடியில இடது கால்ல அப்படி ஒட்டினது இன்னும் நிக்குது. பிவிசில இந்த சொல்யூஷன் பிடிக்காது, அதான் நான் சொல்ற வித்தியாசம். மலிவ வாங்கினா தூக்கிப் போடணும், ரப்பர வாங்கினா சரி பண்ணலாம்.

வன்னி_மண்வெட்டி:
ஒட்டுற விசயம் நல்லது, அதுக்கு மறுப்பில்லை. ஆனா மடியிற இடத்தில பிளந்தா பஞ்சர் ஒட்டு நிக்குமே? நிக்காது. ஒவ்வொரு அடியிலும் மடிஞ்சு மடிஞ்சு விடும். முள்ளுக் குத்து வேறை, பிளவு வேறை.

டெவன்_மழை:
அது சரிதான் அண்ணே, மடிப்புல நிக்காது. ஆனா அந்த மடிப்புப் பிளவு சீக்கிரம் வந்தா கடைக்காரன் பதில் சொல்லணும். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 30 நாள்ல குறை வந்தா முழுக் காசும் திருப்பிக் கேக்கலாம், 6 மாசத்துக்குள்ள வந்தா விக்கும்போதே குறை இருந்ததாத்தான் எடுத்துக்குவாங்க, இல்லன்னு நிரூபிக்க வேண்டியது கடை. அதுக்கப்புறமும் 6 வருஷம் வரைக்கும் கேக்கலாம், ஸ்காட்லாந்துல 5, ஆனா நிரூபிக்கிற வேலை நம்ம பக்கம். 130 பவுண்டு குடுத்த சாமான் ரெண்டு வருஷத்துல போனா அது நியாயமான ஆயுசு இல்லன்னு வாதாட முடியும், 15 பவுண்டுக்கு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. ரசீது பத்திரம்.

ஹாரோ_கத்தரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எனக்கு கெண்டைக்கால் பிரச்சினை இல்ல, ஓடையும் இல்ல. பியூரோஃபோர்ட் வாங்கப் போறேன், முதல் வருஷம் பூரா தோண்டணும்ங்கிறதால அதுலயே எஸ்5 முத்திரை போட்டதுதான், சுபா சொன்னது மனசுல நிக்குது. நெல்லை சொன்ன மாதிரி பாதைக்கு மரச்சீவலும் ஏற்பாடு பண்றேன். என் காலு 6, எந்த சைஸ்?

டெவன்_மழை:
நான் இன்னும் ரப்பர்தான் சொல்வேன், குந்தி வேலை செய்றப்ப அந்த விரல் மூடி உங்களுக்கு எரிச்சலா இருக்கும், அப்ப இங்க வந்து சொல்லுங்க.

பட்டி_பால்காரன்:
தடிச்ச கம்பளி சாக்ஸ் போட்டுட்டு கடையிலயே போட்டுப் பாருங்க, சாயங்காலமா போங்க, காலு கொஞ்சம் வீங்கியிருக்கும். விரல் மூடிக்கு முன்னாடி நுனி விரல் இடிக்கக் கூடாது, குந்திப் பாத்து உறுதி பண்ணுங்க. பாதி சைஸ் பெரும்பாலும் கிடைக்காது, 6 இடிச்சா 7 எடுத்து உள்ள ஒரு ஃபெல்ட் சோல் போட்டுடுங்க.

வன்னி_மண்வெட்டி:
தங்கச்சி, பழைய 15 பவுண்டுச் சோடியை எறியாதேங்கோ. கணுக்காலுக்குக் கீழை நேரா வெட்டினா காஞ்ச நாளில கிரீன்ஹவுசுக்குள்ள மிளகாய்க்குத் தண்ணி விடப் போட நல்ல செருப்பு.