உதவி: ஸ்கார்லெட் மொனாஸ்டரி கதீட்ரல் – மோகிரேன் மறுபடி எழுந்ததும் குழு மொத்தமும் விழுகிறது

பாலாற்றங்கரை

வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் ஆன்லைன் விளையாட்டில், ஸ்கார்லெட் மொனாஸ்டரியின் கதீட்ரல் பகுதியை முடித்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

நாங்கள் ஐந்து பேரும் வேலூர்ப் பக்கம்தான். ஹோர்டு அணி. நான் வாரியர், டாங்க், அதாவது எதிரியின் அடியைத் தாங்குபவன். என் அத்தை மகன் ரோக். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிறோம். காட்பாடி அக்கா பிரீஸ்ட், அதாவது ஹீல் போட்டு எங்கள் உயிரை ஏற்றுபவர்; இனம் அன்டெட். குடியாத்தம் நண்பர் மேஜ். ராணிப்பேட்டை அண்ணன் ஷாமன். தோல் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து அவர் வர இரவு பத்தரை ஆகிவிடும். லெவல் 36-லிருந்து 38 வரை கலந்து இருக்கிறோம்.

பாஸ் மோகிரேன் முதல் தடவை விழுவதில் பிரச்சினையே இல்லை. அப்புறம் கதவு திறந்து அவன் கூட்டாளி வொயிட்மேன் வருகிறாள், அவளையும் பாதி வரை இறக்கிவிடுகிறோம். அங்கேதான் எல்லோரையும் தூங்க வைத்துவிட்டு மோகிரேனை எழுப்பிவிடுகிறாள். கண் விழித்துப் பார்த்தால் அவன் முழு உயிரோடு நிற்கிறான், நேராக அக்காவிடம் ஓடுகிறான். அக்கா விழுந்தால் அவ்வளவுதான், வரிசையாக எல்லோரும் காலி. சில சமயம் அக்கா தப்பித்தாலும், நாங்கள் மோகிரேனை அடிக்க அடிக்க வொயிட்மேன் ஹீல் போட்டு அவனை ஏற்றிவிடுகிறாள்.

இரண்டு பேரில் யாரை முதலில் கொல்ல வேண்டும்? எழுந்தவனை என் பக்கம் இழுப்பது எப்படி? எங்களுக்குப் பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) 150 மில்லி செகண்டுக்கு மேல்தான் இருக்கும், அதனால்தான் ரோக்கின் கிக் (மந்திரத்தை நடுவில் வெட்டும் அடி) தவறுகிறதா?

ஆற்காட்டான்

தம்பி, பதில் சொல்வதற்கு முன்னால் சில விவரம் வேண்டும். மோகிரேனை அடிக்கும் முன் மண்டபத்தில் இருக்கும் மற்ற ஆட்களை எல்லாம் முடித்துவிடுகிறீர்களா? வொயிட்மேன் ஹீலை நிறுத்துவது யார் பொறுப்பு? தூக்கம் வரும்போது பிரீஸ்டிடம் மானா (மந்திரம் போடும் சக்தி) எவ்வளவு இருக்கிறது? அந்த நேரத்தில் உங்கள் கையில் கேடயம் இருக்கிறதா, இரண்டு கை ஆயுதமா?

பாலாற்றங்கரை

மண்டபத்தில் வழியில் நிற்கிறவர்களை மட்டும் முடிக்கிறோம் அண்ணா, ஓரத்தில் இருப்பவர்களை விட்டுவிடுகிறோம். ஹீலை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் நிறுத்துவது. அக்காவுக்கு மானா கால்வாசிதான் மிச்சம் இருக்கும். என் கையில் இரண்டு கைக் கோடரி. சீக்கிரம் முடியட்டும் என்று அதை வைத்திருக்கிறேன்.

ஆற்காட்டான்

சரி, இப்போது புரிகிறது. நீங்கள் மோகிரேன் எழுந்த பிறகு என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். அந்தச் சண்டையின் முடிவு அவன் எழுவதற்கு முன்னாலேயே தீர்மானமாகிவிடுகிறது. தூக்கம் வரும் நொடியில் நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்களோ, அதே நிலையில்தான் கண் விழிக்கப் போகிறீர்கள்.

முதலில் மண்டபத்தைச் சுத்தமாகக் காலி செய்யுங்கள். மோகிரேன் மேல் அடி விழுந்ததும் உள்ளே உயிரோடு மிச்சம் இருப்பவர்கள் எல்லாம் அவனுக்கு உதவிக்கு ஓடி வருவார்கள். ஓரத்தில் விட்ட அந்த ஆட்களிடம்தான் அக்காவின் மானா முக்கால்வாசி போகிறது. இரண்டு பக்கமும் பொறுமையாக ஒவ்வொரு கூட்டமாக இழுத்து முடியுங்கள். உயிர் குறைந்ததும் அவர்கள் திரும்பி ஓடுவார்கள், ஓடினால் பக்கத்துக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மேஜின் ஃப்ராஸ்ட்போல்ட்டோ ஷாமனின் ஃப்ராஸ்ட் ஷாக்கோ கடைசி அடிக்குக் கையில் இருக்கட்டும். முடித்ததும் எல்லோரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்து மானாவை நிரப்பிக்கொண்ட பிறகுதான் மோகிரேன் பக்கமே போக வேண்டும்.

அடுத்தது இடம். மோகிரேன் எங்கே விழுந்தானோ அங்கேயேதான் எழுவான். அதனால் வொயிட்மேன் வந்ததும் அவளை அவன் பிணத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து வைத்து அடியுங்கள். உங்கள் கால் அந்தப் பிணத்தை ஒட்டியே இருக்கட்டும். பிரீஸ்ட் அக்கா ஹீல் எட்டும் அளவுக்கு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் நிற்கட்டும். அவன் எழுந்து அக்காவிடம் ஓடினாலும், அந்தத் தூரம் உங்களுக்கு டாண்ட் (எதிரியைத் தன் பக்கம் திருப்பும் திறன்) போட நேரம் கொடுக்கும்.

வொயிட்மேன் உயிர் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது எல்லோரும் அடிப்பதை நிறுத்துங்கள். அப்போதும் அவள் ஹீல் போட்டால் வெட்டத்தான் வேண்டும். அக்கா உங்கள் உயிரை நிரப்பட்டும், தன் மேல் ஷீல்டு போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் கோடரியை வைத்துவிட்டு ஒரு கைக் கத்தியும் கேடயமும் எடுங்கள், டிஃபென்சிவ் ஸ்டான்சுக்கு (தற்காப்பு நிலைக்கு) வாருங்கள், ரேஜை (வாரியர் திறன்களுக்குச் செலவாகும் சக்தியை)ச் செலவழிக்காமல் சேர்த்து வையுங்கள். எல்லாம் தயார் என்று ஐந்து பேரும் சொன்ன பிறகு அவளைப் பாதிக்குக் கீழே தள்ளுங்கள்.

தூக்கம் 10 விநாடி. விழித்ததும் டாண்ட் மோகிரேன் மேல். டாண்டுக்கு ரேஜ் தேவையில்லை, அதனால் யோசிக்கவே வேண்டாம். அடுத்து, விழும் அடியைக் குறைக்கும் ஷீல்டு வால். லெவல் 28-லேயே அது உங்களுக்கு வந்திருக்கும். மறுபடி கிடைக்க அரை மணி நேரம் ஆகும் என்பதால் பலர் அதைத் தொடுவதே இல்லை. இந்தச் சண்டையில் அதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. நீங்கள் அவனைத் தாங்குங்கள், மற்ற மூன்று பேரும் வொயிட்மேனை முடிக்கட்டும். ஹீலர் உயிரோடு இருக்கும்வரை இன்னொருவனை அடிப்பது வீண் வேலை.

கைலாசகிரி

ஆற்காட்டார் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. அடியை நிறுத்திக் காத்திருப்பது சரிதான், ஆனால் ரொம்ப நேரம் இழுக்காதீர்கள். வொயிட்மேன் அந்த நேரமும் ஹோலி ஸ்மைட் போட்டுக்கொண்டேதான் இருப்பாள். அதோடு மோகிரேன் முதல் சுற்றில் அடித்த குருசேடர் ஸ்ட்ரைக் டாங்க் மேல் ஏறியிருந்தால், அது போகும்வரை ஹோலி அடி இன்னும் பலமாக விழும். டாங்க் உயிர் நிரம்பியதா, உடனே தள்ளுங்கள்.

ஏலகிரி மலைக்காரி

நான் பிரீஸ்ட்தான் ஆடுகிறேன், காட்பாடி அக்காவுக்காகச் சொல்கிறேன்.

விழித்ததும் பெரிய ஹீல் போடத்தான் கை போகும். போடாதீர்கள் அக்கா. எழுந்த மோகிரேன் கணக்கில் இன்னும் யாருமே பெரிதாக இல்லை, முதலில் ஹீல் போடுகிறவர் மேல்தான் அவன் பாய்வான். டாங்க் டாண்ட் போட்டதை வாயால் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். உங்கள் மேல் ஷீல்டு இருக்கிறது, தம்பி முழு உயிரோடு இருக்கிறார், இரண்டு மூன்று விநாடியில் ஒன்றும் ஆகாது. அப்படியும் அவன் உங்களைப் பார்த்துத் திரும்பினால் ஃபேட் (எதிரியின் கவனத்தை உங்கள் மேலிருந்து குறைக்கும் மந்திரம்) போடுங்கள், ஓடாதீர்கள். ஓடினால் டாங்க் துரத்திக்கொண்டே வர வேண்டியிருக்கும்.

மானா விஷயம். கடைசி மந்திரம் போட்டு ஐந்து விநாடி கழிந்த பிறகுதான் ஸ்பிரிட்டால் மானா ஏறத் தொடங்கும். பத்து விநாடித் தூக்கத்தில் பின்பாதி அப்படியே உங்களுக்கு லாபம். தூங்கும் முன்னால் மானா பானத்தைக் குடித்துவிடாமல் பின்னால் வைத்திருங்கள்.

அன்டெட் என்றீர்களே, வில் ஆஃப் த ஃபோர்சேக்கன் இருக்குமே. பயம், வசியம், தூக்கம் மூன்றிலிருந்தும் அது விடுவிக்கும், மாட்டிக்கொண்ட பிறகும் போடலாம். அதை வைத்து முன்னாலேயே எழுந்தால், தனியாக நின்று அக்ரோ (எதிரியின் கவனம்) வாங்காமல் தூரமாகப் போய் நின்றுகொள்ளுங்கள். அது போதும்.

குடியாத்தம் டோட்டம்

ஷாமன் அண்ணனுக்கு இரண்டு விஷயம். ட்ரெமர் டோட்டம் (ஷாமன் தரையில் நடும் கம்பம்) பயத்தைக் கலைக்க மட்டும் இல்லை, தூக்கத்தைக் கலைக்கவும் வேலை செய்யும் என்று அதன் விவரத்திலேயே எழுதியிருக்கிறது. வொயிட்மேன் பாதியை நெருங்கும்போது நட்டுவிடுங்கள். முக்கியமாக டாங்க் அதன் எல்லைக்குள் நிற்க வேண்டும்.

இரண்டாவது எர்த் ஷாக். ஹீலை நிறுத்த முதல் ரேங்க் எர்த் ஷாக்கே போதும், மானா மிச்சம். மூன்று ஷாக்குக்கும் கூல்டவுன் (மறுபடி போடக் காத்திருக்கும் நேரம்) ஒன்றுதான், 6 விநாடி. வொயிட்மேன் வந்த பிறகு பழக்க தோஷத்தில் ஃப்ளேம் ஷாக்கைத் தட்டிவிட்டால், அடுத்த நொடி அவள் ஹீல் தொடங்கும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. ஃப்ளேம் ஷாக்கை அந்தச் சண்டைக்கு மறந்தே விடுங்கள்.

ரத்தினகிரி ரோக்

அத்தை மகன் தம்பிக்கு: கிக் 25 எனர்ஜி கேட்கும். எனர்ஜியைச் சைனிஸ்டர் ஸ்ட்ரைக்கில் காலி செய்துவிட்டு நிற்கும்போதுதான் ஹீல் வரும், எப்போதுமே அப்படித்தான். வொயிட்மேன் எதிரில் இருக்கும்வரை 25-க்குக் கீழே இறங்கவே கூடாது. அடி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

‘யார் பார்க்கிறார்களோ அவர்கள்’ என்ற முறை வேலைக்கு ஆகாது. மூன்று பேரும் ஒரே ஹீலுக்குப் போட்டுவிடுவீர்கள், அடுத்த ஹீலுக்கு ஆள் இருக்காது. வரிசை வையுங்கள். முதலில் கிக், அதன் கூல்டவுன் 10 விநாடி. அடுத்தது எர்த் ஷாக். மேஜின் கவுன்டர்ஸ்பெல் கூல்டவுன் அரை நிமிடம், ஆனால் பத்து விநாடிக்கு அந்த வகை மந்திரத்தையே பூட்டிவிடும். அதைக் கிக் தவறினாலோ, ரோக் ஸ்டன்னில் (அசைய முடியாத நிலையில்) மாட்டினாலோ மட்டும் எடுக்க வேண்டும். மோகிரேனிடம் ஹாமர் ஆஃப் ஜஸ்டிஸ் இருக்கிறது, டாங்கை அப்படியே உறைய வைத்துவிடுவான். அதனால் ஹீலை வெட்ட டாங்கின் ஷீல்டு பாஷை நம்பி இருக்காதீர்கள்.

பழகிப் பார்க்க வேறு எங்கேயும் போக வேண்டாம். அதே கதீட்ரலில் ஸ்கார்லெட் அபாட் என்று வருகிறார்களே, அவர்களும் ஹீல் போடுவார்கள். அவர்கள் மேல் வரிசை போட்டு வெட்டிப் பழகுங்கள். நாங்கள் வாய்ஸில் ஆள் பெயர் சொல்லுவதில்லை. கிக் போட்டவன் ‘போட்டாச்சு’ என்பான், தவறினால் ‘போச்சு’ என்பான். ‘போச்சு’ கேட்டதும் அடுத்தவன் கை தானாகப் போகும்.

வாலாஜா வயர்மேன்

பிங் பற்றி யாரும் சொல்லவில்லையே. 150 மில்லி செகண்ட் என்றால் ஒரு விநாடியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அவள் ஹீல் தொடங்கி முடிய அதைவிட எவ்வளவோ நேரம் ஆகும். நிலையான பிங் உங்கள் எதிரி இல்லை. திடீரென்று 150 அறுநூறாகிக் குதிப்பதுதான் எதிரி. ஒரே ஹாலில் இரண்டு பேர் வைஃபையில் ஆடுகிறீர்கள், வீட்டில் வேறு யாராவது வீடியோ பார்த்தால் குதிக்கத்தான் செய்யும். இரண்டு கம்ப்யூட்டருக்கும் கேபிள் இழுத்துவிடுங்கள்.

அக்னி நட்சத்திர நாட்களில் நம் ஊரில் இரவு கரண்ட் போவது தெரிந்ததுதான். ரவுட்டருக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள், லேப்டாப்பில் ஆடினால் சண்டை நடுவில் அறுந்து போகாது. ஒருவர் லைன் போனாலும் மற்றவர்கள் உள்ளேயே இருங்கள், அவர் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம்.

கைலாசகிரி

லெவலையும் பாருங்கள். மோகிரேன், வொயிட்மேன் இரண்டு பேருமே 42. நீங்கள் 36-இல் நின்று அடித்தால் அடியும் தவறும், கிக்கும் தவறும், மந்திரமும் எதிர்க்கப்படும். பிங் மேல் போட்ட பழியில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். ஹோர்டு நகரமான அண்டர்சிட்டியில் வரிமத்ராஸ் கொடுக்கும் குவெஸ்டுக்கு (பணிக்கு), இந்த இருவரோடு அதே மொனாஸ்டரியின் லைப்ரரிப் பகுதியில் ஹவுண்ட்மாஸ்டர் லாக்சியும், ஆர்மரிப் பகுதியில் ஹெராடும்கூடச் சாக வேண்டும். அந்த இரண்டு பக்கத்தையும் இன்னும் சில தடவை ஓட்டுங்கள், லெவலும் ஏறும், உடைமையும் சேரும். ஹெராட் வேர்ல்விண்ட் சுற்றும்போது டாங்க் உட்பட எல்லோரும் விலகிவிட வேண்டும். 40 வந்துவிட்டால் உங்களுக்குப் பிளேட் கவசம், ஷாமன் அண்ணனுக்கு மெயில். அப்புறம் மோகிரேன் அடி இப்படி வலிக்காது.

பாலாற்றங்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. லைப்ரரி, ஆர்மரி ஓட்டிவிட்டு நேற்று போனோம். நான் 39, மற்றவர்கள் 38. மண்டபத்தை மூலை மூலையாகக் காலி செய்தோம், அபாட்கள் மேல் கிக் வரிசை பழகினோம். வொயிட்மேனைப் பிணத்தின் பக்கத்திலேயே பிடித்தேன். ட்ரெமர் டோட்டத்தால் எனக்குத் தூக்கம் சீக்கிரமே கலைந்துவிட்டது, மோகிரேன் எழும்போது அவன் எதிரிலேயே கேடயத்தோடு நின்றேன். டாண்ட், ஷீல்டு வால். ‘அக்கா, இப்ப போடுங்க’ என்ற பிறகுதான் அக்கா முதல் ஹீல் போட்டார். நடுவில் அத்தை மகன் ‘போச்சு’ என்று கத்தினான், அதே நொடியில் மேஜ் கவுன்டர்ஸ்பெல் போட்டுவிட்டார். வொயிட்மேன் விழுந்தாள், மோகிரேனை நிதானமாக முடித்தோம். வொயிட்மேன் தொப்பி விழுந்தது; மேஜ் கேட்கவே இல்லை, அக்காவுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்று. அங்கே ஃபேர்பேங்க்ஸ் என்று ஒரு பாஸ் இருப்பதாக ஷாமன் அண்ணன் சொல்கிறார், நாங்கள் கண்ணால் பார்க்கவே இல்லையே?

ஆற்காட்டான்

நல்ல செய்தி தம்பி. ஃபேர்பேங்க்ஸ் ரகசிய அறையில் இருக்கிறான். மோகிரேனுக்கு முன்னால் பக்கவாட்டு அறைகளுக்குள் போய்ச் சுவரைப் பாருங்கள், ஒரு தீப்பந்தத்தின் மேல் கர்சர் மாறும். அதைக் கிளிக் செய்தால் சுவர் திறக்கும். அவனும் பயமுறுத்தி ஓட வைப்பான், ஹீலும் போடுவான், ட்ரெமர் டோட்டமும் அதே கிக் வரிசையும் போதும். மண்டபம் முழுக்கக் காலியான பிறகு போங்கள், பயத்தில் ஓடுகிறவர்கள் வேறு கூட்டத்தின் மேல் போய் விழக் கூடாது.