செல்ஃப் அசஸ்மெண்ட்ல உண்மையா ஜீரோ போடலாமா, இல்ல எல்லாரையும் மாதிரி ரெண்டு போட்டு அனுப்பிடவா?

வெண்ணாத்தங்கரை:
வணக்கம். டெல்டாவுல ஒரு தாலுகா ஜிஹெச்ல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், ஊர் பேரு வேணாம், வெண்ணாறு பக்கம்னு வச்சுக்கோங்க. ரெண்டு மாசமா என்னைய குவாலிட்டி நோடலா, அதாவது தரம் பாக்குற பொறுப்பாளா போட்டிருக்காங்க, வார்டு டூட்டி குறையல, அது பாட்டுக்கு அது. இப்ப என்குவாஸ்னு அரசு ஆஸ்பத்திரிகளுக்கான தேசிய தர அளவுகோல் இருக்கு, அதோட செக்லிஸ்ட்ட கையில குடுத்து ஒவ்வொரு டிபார்ட்மெண்ட்டுக்கும் நாமளே மார்க் போட்டு ஜேடி (மாவட்ட இணை இயக்குநர்) ஆபீசுக்கு அனுப்பச் சொல்றாங்க. முழுசா இருந்தா 2, அரைகுறைன்னா 1, இல்லவே இல்லன்னா 0.

லேபர் வார்டுலேருந்து ஆரம்பிச்சேன். பிரசவத்துல ரத்தப்போக்கத் தடுக்கப் போடுற ஆக்சிடோசின் ஊசிமருந்து 2லேருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் சார்ட் இருக்கான்னு ஒரு கேள்வி. கதவுல சார்ட் அழகா தொங்குது. நான் போன அன்னிக்கு தேதி 26, சார்ட்டுல 30 வரைக்கும் எழுதி வச்சிருக்காங்க, காலையில 4 சாயங்காலம் 4, எல்லாம் ஒரே பேனா. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் மழையில ஃபீடர் போயி அரை நாள் கரண்ட் இல்ல, அன்னிக்கும் 4தான்! கதவத் தெறந்தா ஆம்பியூல் ட்ரே பக்கத்துல யாரோ வச்ச தயிர் டப்பா, அதுக்கு மேல ஒரு முழம் மல்லிப்பூ. பொய் சொல்லக்கூடாது, நானும் அந்த ஃப்ரிட்ஜ்ல பூ வச்சவதான்.

0 போட்டேன். இன்சார்ஜ் அக்கா பாத்துட்டு "ஏம்மா, நம்ம வீட்டுக் குப்பைய நாமளே அள்ளிட்டுப் போயி கடைத்தெருவுல கொட்டுவாங்களா, 2 போடு, ஆள் வர்றப்ப சரி பண்ணிக்கலாம்"னு சொல்லிட்டாங்க. அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு, 25 வருஷ சர்வீஸ், கைராசிக்காரங்க. போன தடவ எங்க ஸ்கோர் 91ன்னு போயிருக்கு, நான் பாத்த வரைக்கும் போட்டா 58தான் வருது. ஒரே வருஷத்துல ஆஸ்பத்திரி இடிஞ்சா விழுந்துச்சுன்னு கேக்க மாட்டாங்களா, மெமோ கிமோ வருமா, இதுல இருக்கவங்க யாராச்சும் சொல்லுங்க.

ரிட்டயர்டு மேட்ரன்:
தங்கச்சி, நான் ரிட்டயர் ஆவுறதுக்கு முன்னாடி அசஸ்மெண்ட் டீம்ல நாலஞ்சு ஆஸ்பத்திரி பாத்திருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன். எல்லாத்துலயும் 2 போட்ட தாளப் பாத்தா எங்களுக்கு சந்தோஷம் வராது, சந்தேகந்தான் வரும். உங்க மேட்ச்பாக்ஸ் மாதிரி அடுக்குன 4, 4, 4 சார்ட் இருக்கு பாருங்க, நாங்க மொதல்ல போயி நிக்கிறதே அங்கதான், அத ஒண்ணப் பாத்துட்டா அப்புறம் நீங்க காட்டுற எந்த ரிஜிஸ்டரையும் மனசு நம்பாது.

இன்னொண்ணு, செக்லிஸ்ட்டுல ஒவ்வொரு பாயிண்ட் பக்கத்துலயும் ஓபி, எஸ்ஐ, ஆர்ஆர், பிஐன்னு போட்டிருப்பாங்க கவனிச்சீங்களா? ஓபின்னா நம்ம ஓபி சீட்டு இல்ல, கண்ணால பாக்குறது. எஸ்ஐ ஸ்டாஃப்ப கேக்குறது, ஆர்ஆர் ரெக்கார்டு, பிஐ பேஷண்ட்ட கேக்குறது. நம்ம ஆளுங்க நாலுக்கும் சேத்து ரிஜிஸ்டர் ஒண்ண மட்டும் புரட்டிட்டு மார்க் போட்டுடறாங்க, அதான் 91 வருது. 2013ல இந்த ஸ்டாண்டர்ட்ஸ் வந்தப்பவும் சரி, 2015ல ஆஸ்பத்திரி சுத்தத்துக்கு விருது தர்ற காயகல்ப் வந்தப்பவும் சரி, பெயிண்ட் அடிச்சு தொட்டிச்செடி வச்சா முடிஞ்சுதுன்னு நெனச்சவங்க நெறைய பேரு.

நேஷனல் சர்ட்டிபிகேட்டுக்கு 70 சதவீதம் வேணும், வெளிமாநிலத்துலேருந்து வர்றவங்க உங்க 91ஐ பாக்க மாட்டாங்க, அவங்களே மறுபடி பாத்துப் போடுவாங்க, அப்ப 58 வந்தா அதுதான் மானக்கேடு. இப்ப நீங்களே 58 போட்டா அது வேலை லிஸ்ட், அவ்ளோதான்.

மெமோவுக்கு பயந்தா ஒரு வழி இருக்கு. தாளத் தூக்கி நேரா ஜேடி ஆபீசுக்கு அனுப்பாதீங்க. மொதல்ல குவாலிட்டி கமிட்டி மீட்டிங்ல வச்சு மினிட்ஸ் எழுதி சூப்பிரண்டு கையெழுத்து வாங்கிடுங்க, அப்புறம் அது உங்க ஜீரோ இல்ல, ஆஸ்பத்திரி ஜீரோ. ஒவ்வொரு ஜீரோவுக்கும் எதிர்ல யாரு செய்யணும் எப்பக்குள்ளன்னு எழுதுங்க. தயிர் டப்பாவ எடுக்க ஜேடி வர வேணாம், வார்டே செய்யும். தெர்மாமீட்டர் வாங்க சூப்பிரண்டு போதும். வயரிங், ஜெனரேட்டர்னா பிடபிள்யூடி, அது இழுக்கும், அத மட்டும் மேல எழுதுங்க. இன்சார்ஜ் அக்காவ எதுத்துக்கிட்டு செய்யாதீங்க, அவங்களையே கூடக் கூட்டிட்டுப் போயி மார்க் போடச் சொல்லுங்க.

லேப்புக்காரன்:
சிஸ்டர், லேபுக்கு வந்தா ஒண்ணு பாருங்க, செக்லிஸ்ட்டுல 2 வாங்கியும் ஆளக் கொல்லக்கூடிய எடம் அது. நம்ம பக்கம் நடவு, அறுப்புன்னா பாம்புக்கடி கேஸ் வராம இருக்காது. பாம்புக்கடி மருந்து ஸ்டாக் இருக்கா? இருக்கு, 2. சரி, விஷம் ரத்தத்துல ஏறியிருக்கான்னு எத வச்சுப் பாக்குறீங்க? 20 நிமிஷ டெஸ்ட்தானே, 2 மில்லி ரத்தத்த கண்ணாடி ட்யூப்ல விட்டு ஆட்டாம அசைக்காம வச்சு 20 நிமிஷம் கழிச்சு சாய்ச்சுப் பாக்கணும், ஒறையலன்னா கண்ணாடி விரியன் வேலையா இருக்கலாம்.

நான் வேல பாத்த ஒரு எடத்துல கேஷுவாலிட்டியில கண்ணாடி ட்யூபே கிடையாது, பிளாஸ்டிக் ட்யூப்ல எடுத்துக்கிட்டிருந்தாங்க. பிளாஸ்டிக்குல நல்லா இருக்கவன் ரத்தமே சட்டுன்னு ஒறையாது சிஸ்டர். சோப்பு போட்டு கழுவின கண்ணாடியிலயும் அதே கததான், புதுசா காஞ்சதா இருக்கணும். கடிச்சது தண்ணிப்பாம்பா இருந்தாலும் டெஸ்ட் "ஒறையல"ன்னு சொல்லும், உடனே பாம்புக்கடி மருந்து 10 குப்பி ஏத்துவாங்க, சில பேருக்கு அந்த மருந்தே அலர்ஜியாகி பிரஷர் எறங்கிடும், பக்கத்துல அட்ரினலின் லோட் பண்ணி வச்சிருக்கணும். ஒரு ட்யூப் என்ன வெல இருக்கப்போவுது, ஆனா அத கேட்டு எழுதுற சீட்டு லேப் இண்டெண்ட்டா கேஷுவாலிட்டி இண்டெண்ட்டான்னு அடிச்சுக்கிட்டதுல ஆறு மாசம் போச்சு. "டெஸ்ட் செய்யப்படுகிறதா"ன்னு கேட்டா ஆமான்னுதான் சொல்லுவாங்க, ட்யூப எடுத்துக் காட்டச் சொல்லுங்க.

டூட்டி டாக்டர்:
எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க, நான் கொஞ்சம் கசப்பா சொல்றேன் மன்னிச்சுக்கோங்க. செப்டம்பர் 17 பேஷண்ட் சேஃப்டி டேன்னு ஆரஞ்சு பலூன் கட்டி உறுதிமொழி எடுத்து போட்டோ அனுப்புறோம், அன்னிக்கு ராத்திரி அதே வார்டுல 40 பெட்டு, தரையில பாய் போட்டு 6 பேரு, ஒரே ஒரு சிஸ்டர். இதுல கை கழுவுறது ஆறு ஸ்டெப்பும் பண்றாங்களான்னு 0, 1, 2 போடச் சொன்னா என்னத்த போடுறது. ஆள் இல்லாததுக்கு 0 போட்டா ஆள் தருவாங்களா? தர மாட்டாங்க, ரிஜிஸ்டர் இன்னும் ரெண்டு தருவாங்க. இப்ப சகுஷல்னு பேஷண்ட் சேஃப்டிக்குன்னே இன்னொரு செல்ஃப் அசஸ்மெண்ட் டூல் வேற. ஜீரோ போடுற பொண்ணுதான் கடைசியில மாட்டும், இது என் அனுபவம்.

ரிட்டயர்டு மேட்ரன்:
டாக்டர் தம்பி சொல்றதுல பாதி நெசம், ஆள் பத்தாக்குறைய எந்த செக்லிஸ்ட்டும் தீக்காது. ஆனா 40 பெட்டுக்கு ஒரு சிஸ்டர் இருக்குற வார்டு வருஷா வருஷம் 91 வாங்குனா, மேல உக்காந்திருக்கவரு என்ன நெனப்பாரு? அங்க ஆள் போதும்னுதான் நெனப்பாரு.

கீழத்தெரு மருமகன்:
நான் ஆஸ்பத்திரி ஆளு இல்ல, சும்மா படிச்சுக்கிட்டிருந்தேன், பிஐன்னா பேஷண்ட்ட கேக்குறதுன்னு பாத்ததும் எழுதணும்னு தோணுச்சு. போன ஐப்பசியில எங்க அத்தைய ஒரு ஜிஹெச்ல சேத்து பதினோரு நாளு நான்தான் கூட இருந்தேன், மாமனார் வயலு தண்ணியில கெடந்துச்சு அவரால வர முடியல. டாக்டரு, சிஸ்டரு எல்லாரும் நல்லாத்தான் பாத்தாங்க, குத்தம் சொல்லல. ஆனா பதினோரு நாள்ல ஒருத்தர் கூட எங்கள ஒரு கேள்வி கேக்கல.

கேட்டிருந்தா ரெண்டு விஷயம் சொல்லியிருப்பேன். அத்த பேரு வசந்தா. நாலு பெட்டு தள்ளி இன்னொரு வசந்தா, அவங்களுக்கு சர்க்கரை. ஒருநாள் காலையில இட்லி வாங்கிட்டு வந்து நிக்கிறேன், ஒரு புது சிஸ்டர் "வசந்தா யாரு"ன்னு கேட்டுக்கிட்டே ஊசியோட வர்றாங்க, அத்த கைய நீட்டிட்டாங்க. எதுக்கும்மா ஊசின்னு நான் கேக்க, சர்க்கரைக்குன்னு சொல்ல, "எனக்கு சர்க்கரையே இல்லியே கண்ணு"ன்னு அத்த கைய இழுத்துக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு மொகத்துல ரத்தமே இல்ல, பாவம். அன்னியோட அது முடிஞ்சுது, எங்கயும் எழுதுனதா தெரியல.

ரெண்டாவது கக்கூஸு. கதவுல தாப்பா கெடையாது. பொம்பளைங்க வார்டு, ஆம்பளைங்களும் அந்த வழியாத்தான் போவணும். அத்த சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தண்ணியே குடிக்க மாட்டாங்க, ராத்திரி போக வேண்டி வருமேன்னு. நீர்க்கடுப்பு வந்துச்சு, டாக்டர் தண்ணி நெறைய குடிங்கம்மான்னு எழுதிட்டுப் போறாரு. அவருக்கு எப்படித் தெரியும் தாப்பா கத! சுவத்துல என்னடான்னா நோயாளிகளின் உரிமைகள்னு பெரிய போர்டு.

ரிட்டயர்டு மேட்ரன்:
தம்பி, அந்த ஊசி சமாச்சாரத்த நியர் மிஸ்னு சொல்லுவோம், நடக்க இருந்து தப்புனது. அத எழுதி வைக்கத்தான் தனி ரிஜிஸ்டரே இருக்கு, பெரும்பாலும் வெள்ளத்தாளாத்தான் கெடக்கும், எழுதுனா தன் மேல வந்துடும்னு பயம். "நீங்கதானே வசந்தா"ன்னு கேக்கவே கூடாது, கூப்புட்டா யாரா இருந்தாலும் தலையாட்டுவாங்க. "உங்க பேரு என்னம்மா, வீட்டுக்காரர் பேரு என்ன"ன்னு அவங்க வாயால சொல்ல வைக்கணும், கேஸ் ஷீட்டோட பாக்கணும், பெட் நம்பர நம்பக்கூடாது. வெண்ணாத்தங்கரை, நீங்க இத உங்க வார்டுல பாருங்க.

வெண்ணாத்தங்கரை:
எல்லாருக்கும் நன்றி, மூணு வாரமாச்சு, என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல. மேட்ரன் அம்மா சொன்ன மாதிரி இன்சார்ஜ் அக்காவையே கூட்டிட்டுப் போனேன். முதல்ல மொகத்த தூக்கி வச்சுக்கிட்டுத்தான் வந்தாங்க. கீழத்தெரு அண்ணன் சொன்ன தாப்பா மனசுலயே நின்னுச்சா, ரெண்டு பேரும் மொதல்ல கக்கூஸுக்குத்தான் போனோம், அஞ்சு கதவுல மூணுக்கு தாப்பா இல்ல. இத்தன வருஷமா நாங்க ஸ்டாஃப் டாய்லெட்டுக்கே போயிட்டு வந்துட்டோம். அக்கா அங்கயே நின்னு "இதுக்கு ஜீரோ போடு"ன்னாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா அவங்களே சொல்லச் சொல்ல நான் எழுதினேன், கடைசியில 61.

சூப்பிரண்டு கையெழுத்து போட்டாரு, கேட்டது ஒரே கேள்விதான், "போன தடவ போட்டது யாரு?" யாரும் வாயத் தெறக்கல, அவரே சிரிச்சுட்டாரு, அதுலயும் அவரு கையெழுத்துதான். ஜேடி ஆபீஸ்லேருந்து ஒரு போன் வந்துச்சு, ஏன் இவ்ளோ கொறஞ்சதுன்னு. மினிட்ஸ் அனுப்பினோம். மெமோ இதுவரைக்கும் இல்ல, வரலாம், டாக்டர் சார் சொன்னது ஞாபகம் இருக்கு. ஆள் ஒண்ணும் கூடல, ராத்திரி இன்னும் ஒரு சிஸ்டர்தான்.

தாப்பா மறுநாளே போட்டாச்சு, எலெக்ட்ரீசியன் அண்ணனே ஸ்க்ரூ முடுக்கிட்டாரு. ஃப்ரிட்ஜுக்கு தெர்மாமீட்டர் வந்துருச்சு. சார்ட்டுல இப்ப 5, 6, 4ன்னு கோணலும் மாணலுமா இருக்கு, வெவ்வேற கையெழுத்து. போன வியாழக்கிழமை கரண்ட் இல்லாதப்ப அக்கா டூட்டி, 11ன்னு எழுதி பக்கத்துலயே "மருந்து ஃபார்மஸி ஃப்ரிட்ஜுக்கு மாத்தியாச்சு"ன்னு எழுதி கையெழுத்தும் போட்டிருந்தாங்க. பூ இப்ப ஜன்னல் ஓரமா ஈரத்துணியில.

லேப்புக்காரன் சார், கேஷுவாலிட்டியில ட்யூப கேட்டேன், ஒரு பெட்டிய எடுத்துக் காட்டுனாங்க. கண்ணாடிதான், ஆனா கழுவிக் கவுத்து வச்சது. புதுசு எந்த இண்டெண்ட்ல கேக்கணும், உங்க எடத்துல கடைசியா எப்படி வாங்குனீங்க?

லேப்புக்காரன்:
லேப் இண்டெண்ட்லயே கேளுங்க சிஸ்டர், கேஷுவாலிட்டின்னு தனியா ஒரு வரி எழுதுங்க. அது வர்ற வரைக்கும் லேப்லேருந்து பிரிக்காத பாக்கெட்ல பத்து ட்யூப் வாங்கிட்டுப் போயி பாம்புக்கடி மருந்து வச்சிருக்க பெட்டிக்குள்ளயே போட்டு வைங்க. கழுவ எடுத்துட்டுப் போற அம்மாகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க, நோட்டீஸ் ஒட்டுனா யாரும் படிக்க மாட்டாங்க.