வெனோனா வெளிவந்த பிறகு மெக்கார்த்தி சொன்னது சரி என்று ஆகிவிட்டதா?

செங்காந்தள்:
1940-களின் சோவியத் உளவுத் தந்திகளை அமெரிக்கா ரகசியமாகச் சங்கேதம் உடைத்துப் படித்த திட்டத்தின் பெயர் வெனோனா. 1995 ஜூலையில் அந்தத் தந்திகளை அமெரிக்க அரசு வெளியிட்டதிலிருந்து ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. "அரசுக்குள்ளேயே சோவியத் உளவாளிகள் இருந்திருக்கிறார்கள், அப்படியென்றால் 1950-களில் அரசுக்குள் கம்யூனிஸ்டுகள் இருப்பதாக செனட்டர் மெக்கார்த்தி கத்தியதில் தப்பில்லை" என்கிறார்கள். மறுபக்கம், உளவு என்பதே கட்டுக்கதை, உளவுக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற ரோசன்பெர்க் தம்பதி உட்பட எல்லாருமே அப்பாவிகள் என்று இன்னும் சாதிப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை என்றால், விசாரணைக் குழு கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே? தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லத் தேவையில்லை என்ற அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தத்தை எதற்குக் காட்ட வேண்டும்? ஆவணங்களைப் படித்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

தாள்புரட்டி:
நடுவில் நிற்க வேண்டிய தேவையே இல்லை. உளவு நடந்ததா என்பது ஒரு கேள்வி. ஆயிரக்கணக்கானோரின் வேலையைப் பறித்த அந்த ஏற்பாடு உளவாளிகளைப் பிடித்ததா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்லலாம். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

1945 செப்டம்பரில் ஒட்டாவா சோவியத் தூதரகத்தின் சங்கேத எழுத்தர் இகோர் கூசென்கோ ஆவணங்களோடு வெளியேறினார். நவம்பரில், சோவியத்துக்காக உளவு பார்த்த அமெரிக்கர் எலிசபெத் பென்ட்லி தன் வலையில் இருந்த ஆட்களின் பெயர்களை எஃப்.பி.ஐ.யிடம் சொன்னார். அந்தத் தகவல் பிரிட்டிஷ் உளவுத்துறைக்குப் போக, அங்கிருந்த சோவியத் உளவாளி கிம் ஃபில்பி அதை மாஸ்கோவுக்குக் கடத்திவிட்டார். மாஸ்கோ உடனே தன் ஆட்களோடு தொடர்பைத் துண்டித்தது. மெக்கார்த்தி மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் பேசியது 1950 பிப்ரவரி 9 அன்று. அதற்குள் நான்கு வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன.

வெளியுறவுத் துறையில் 205 கம்யூனிஸ்டுகள் என்று அவர் சொன்ன கணக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வெளியுறவுத் துறையின் சோதனையில் 285 பேரை நிரந்தரமாக்க வேண்டாம் என்று பரிந்துரைத்ததாகவும், 79 பேர் விலக்கப்பட்டதாகவும் 1946-ல் வெளியுறவு அமைச்சர் பர்ன்ஸ் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். கழித்தால் 206. அதுதான் 205 ஆக மேடையேறியது. அந்தக் கடிதத்தில் ஒரு பெயர்கூடக் கிடையாது. பிறகு அவர் சொன்ன 57, 81 இரண்டும் பிரதிநிதிகள் சபை ஊழியர்கள் தயாரித்திருந்த 108 பேர் கொண்ட ஒரு பழைய பட்டியலிலிருந்து வந்தவை. வெனோனாவை மெக்கார்த்தி கண்ணால் பார்த்ததே இல்லை.

வெனோனாவைப் படிப்பதிலும் சிக்கல் உண்டு. 1942-ல் சோவியத் தரப்பு ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய சங்கேதத் தாள்களில் சுமார் 35,000 பக்கங்களை இரட்டிப்பாக அச்சிட்டுவிட்டது. அந்தத் தவறு வழியாகத்தான் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் ஹாலில் இருந்த அமெரிக்கச் சங்கேத நிபுணர்கள் உள்ளே நுழைந்தார்கள். ஆனால் படிக்க முடிந்த அளவு வருடத்துக்கு வருடம் தாறுமாறாக மாறும். சோவியத் உளவுத்துறையின் தந்திகளில் 1942-க்கு 1.8 சதவீதம், 1943-க்கு 15, 1944-க்கு 49, 1945-க்கு மறுபடி 1.5. ஆகவே ஒருவர் பெயர் அதில் இல்லை என்பது எதற்கும் சான்றாகாது. பெயர் இருப்பதும் தனியாக நின்று சான்றாகாது. மாற்றுப்பெயரை உண்மைப் பெயரோடு பொருத்தியது எஃப்.பி.ஐ. அந்தப் பொருத்தம் எந்த விவரத்தை நம்பி நிற்கிறது என்று ஒவ்வொரு தந்தியாகப் பார்க்க வேண்டும்.

ரோசன்பெர்க் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் ஜூலியஸ் உளவாளி. 'லிபரல்' என்ற பெயரில் திரும்பத் திரும்ப வருகிறார், 2008-ல் அவருடைய கூட்டாளி மார்ட்டன் சோபெலும் ஒப்புக்கொண்டார். மனைவி எத்தலுக்கு மாற்றுப்பெயரே இல்லை. 1944 நவம்பர் 27 தந்தி, கணவரின் வேலை அவருக்குத் தெரியும் என்கிறது, அவர் தாமே வேலை செய்வதில்லை என்றும் சொல்கிறது. அவரை மின் நாற்காலிக்கு அனுப்பிய சாட்சியம், குறிப்புகளை அவர் தட்டச்சு செய்தார் என்று 1951 மார்ச்சில் அவருடைய தம்பி டேவிட் கிரீன்கிளாஸும் தம்பியின் மனைவி ரூத்தும் சொன்னது. அதே ரூத் கிரீன்கிளாஸ் 1950 ஆகஸ்டில் கிராண்ட் ஜூரியிடம் (வழக்குத் தொடரலாமா என்று மூடிய அறையில் முடிவு செய்யும் குழு), தானே கையால் எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். அது 2008 வரை பூட்டிய அறையில் கிடந்தது. ஒரே வழக்கில் உண்மையான உளவும் உண்டு, ஜோடித்த சாட்சியமும் உண்டு. இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு எழுதும் யாரையும் நான் நம்புவதில்லை.

சாட்சிக்கூண்டு:
செங்காந்தளின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே" என்பது, அன்றைய சட்டம் எப்படி வேலை செய்தது என்று பார்க்காதவரைதான் எளிதாகத் தோன்றும். பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோதச் செயல்கள் விசாரணைக் குழு, சுருக்கமாக ஹுவாக், ஒருவரை அழைத்தால் அவருக்கு நான்கு வழிகள்தான்.

கேட்கவே உனக்கு உரிமையில்லை என்று, பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தத்தைக் காட்டலாம். 1947 அக்டோபரில் 'ஹாலிவுட் பத்துப் பேர்' என்ற திரைத்துறையினர் செய்தது இது. சபை அவமதிப்பு என்று தீர்மானம் போட்டது, வழக்கு நடந்தது, உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்தது, 1950-ல் பத்துப் பேரும் சிறைக்குப் போனார்கள். இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் ஒரு வருடச் சிறை, 1,000 டாலர் அபராதம்.

ஐந்தாவது திருத்தத்தைக் காட்டினால் சிறை இல்லை, ஆனால் வேலை போய்விடும். எதை மறைக்க என்கிறீர்களா? அரசைக் கவிழ்க்கத் தூண்டுவதைக் குற்றமாக்கிய ஸ்மித் சட்டத்தின் கீழ் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 11 பேர் தண்டிக்கப்பட்டுவிட்ட நிலையில், "கட்சியில் இருந்தீர்களா" என்ற கேள்விக்கு "ஆம்" என்பதே தன் மீதான வழக்கின் சான்றுச் சங்கிலியில் ஒரு கண்ணி. அதனால்தான் அந்த உரிமையை நீதிமன்றம் 1950-ல் ஏற்றது.

மூன்றாவது வழியைத்தான் மனசாட்சியுள்ள பலரும் விரும்பினார்கள்: "என்னைப் பற்றி எல்லாம் சொல்கிறேன், மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்." இங்கேதான் பொறி. டென்வர் நகரக் கட்சியின் பொருளாளராக இருந்த ஜேன் ராஜர்ஸ் தன் பதவியை ஒப்புக்கொண்டு, கணக்குப் புத்தகத்தை யாரிடம் கொடுத்தேன் என்பதை மட்டும் சொல்ல மறுத்தார். முதல் கேள்விக்குப் பதில் சொன்னபோதே ஐந்தாவது திருத்தப் பாதுகாப்பைக் கைவிட்டுவிட்டார் என்று 1951 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதற்குப் பிறகு எந்த வழக்கறிஞரும் தன்னிடம் வந்தவரிடம் சொன்னது ஒன்றுதான்: முதல் கேள்விக்கே வாயைத் திறக்காதே. செய்தித்தாளில் அது "மறைக்கிறார்" என்று வந்தது.

நான்காவது வழி, பெயர்களைச் சொல்வது. குழுவிடம் அந்தப் பெயர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்தன. சொல்ல வைப்பதுதான் நோக்கம்.

தொழிற்சங்கக்காரர் ஜான் வாட்கின்ஸ் மூன்றாவது வழியில் துணிந்து போனார். கட்சியை விட்டு விலகிவிட்டவர்களின் பெயரை மட்டும் சொல்ல மறுத்தார், ஐந்தாவது திருத்தத்தையும் தொடவில்லை. தண்டனை கிடைத்தது. கேள்விக்கும் விசாரணைப் பொருளுக்கும் என்ன தொடர்பு என்று குழு விளக்கவில்லை என்பதால் 1957 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இரண்டே வருடத்தில், 1959-ல், பாரன்பிளாட் வழக்கில் அதே நீதிமன்றம் 5-க்கு 4 என்று குழுவின் பக்கம் சாய்ந்தது. நீதிமன்றம் வேட்டையை நிறுத்திவிட்டது என்று சொல்பவர்கள் இந்த 1959-ஐத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

நீலவானம்:
கம்யூனிஸ்ட் கட்சியை ஏதோ விவாத மன்றம் போல எழுதாதீர்கள். மாஸ்கோ பணம் வந்தது. கட்சித் தலைவர் எர்ல் பிரௌடர் உளவுக்கு ஆள் சேர்க்க உதவியது ஆவணத்தில் இருக்கிறது. ரகசியமாக இயங்கிய ஒரு கட்சியின் உறுப்பினரை அரசு வேலையில் வைத்திருக்க எந்த நாடு சம்மதிக்கும்?

தாள்புரட்டி:
பிரௌடர் பற்றிச் சொன்னது சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. வெனோனாவில் சோவியத்தோடு மறைவான தொடர்பு வைத்திருந்ததாக ஆய்வாளர்கள் எண்ணியவர்கள் 349 பேர். அதில் பாதிக்கு மேல் இன்றுவரை மாற்றுப்பெயராகவே இருக்கிறார்கள். கட்சியிலோ பல்லாயிரம் பேர். சலித்தெடுக்க வேண்டியது யாரை என்பதுதான் கேள்வி. அந்தச் சல்லடை எப்படி இருந்தது? லாஸ் அலமோஸில் அணுகுண்டு ரகசியத்தைக் கொடுத்த டெட் ஹாலை வெனோனா காட்டிக்கொடுத்தது. 1951-ல் எஃப்.பி.ஐ. விசாரித்தது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை, தந்தியை நீதிமன்றத்தில் காட்ட அரசுக்கு மனமில்லை, வழக்கே போடவில்லை. உண்மையான உளவாளிக்குச் சான்று தேவைப்பட்டது. எழுத்தருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் சந்தேகமே போதுமாக இருந்தது.

ஃபோர்ட் மன்மத் ராணுவத் தளத்தையும் பாருங்கள். ஜூலியஸ் ரோசன்பெர்க் ராணுவ சிக்னல் பிரிவில் வேலை பார்த்தார், 1945 தொடக்கத்திலேயே நீக்கப்பட்டார். மெக்கார்த்தி அதே பிரிவின் நியூஜெர்சி ஆய்வகங்களுக்குள் நுழைந்தது 1953 இலையுதிர்காலத்தில். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இடைநீக்கமானார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் பிறகு வேலைக்குத் திரும்பினார்கள், ஒருவர் மீதும் உளவுக் குற்றம் நிற்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கோப்பு எண் 7:
எல்லாரும் மெக்கார்த்தியையே சுற்றுகிறீர்கள். அவர் வருவதற்கு மூன்று வருடம் முன்பே, 1947 மார்ச் 21 அன்று, ட்ரூமன் போட்ட 9835-ஆம் எண் ஆணைதான் அடித்தளம். அரசு ஊழியர்கள் அனைவருக்கும் விசுவாசச் சோதனை. முதலில், விசுவாசமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் நீக்கலாம் என்றார்கள். 1951-ல் அதை மாற்றி, விசுவாசத்தில் நியாயமான சந்தேகம் இருந்தாலே போதும் என்றார்கள். நிரூபிக்கும் பாரம் ஊழியர் தலையில் விழுந்தது. முன்பு தேறியவர்களின் கோப்புகளும் மறுபடி திறக்கப்பட்டன. சீனா பற்றி அறிந்த தூதரக அதிகாரி ஜான் சர்வீஸ் பலமுறை தேறி, 1951 டிசம்பரில் வேலையிழந்தது இப்படித்தான்.

அந்தச் சோதனை நடந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதற்கு டோரதி பெய்லி வழக்கைப் படியுங்கள். கறுப்பினப் பெண், வேலைவாய்ப்புத் துறை ஊழியர். அவருக்கு எதிராக ஒரு சாட்சியும் நேரில் வரவில்லை. துப்புக் கொடுத்தவர்கள் யார், சத்தியம் செய்து சொன்னார்களா என்பது தனக்கே தெரியாது என்று குழுத் தலைவர் ஒப்புக்கொண்டார். ரத்த வங்கியில் இன வாரியாக ரத்தத்தைப் பிரித்து வைப்பது பற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினீர்களா என்று கேட்டார்கள். இன ஒதுக்கலை எதிர்ப்பதே சந்தேகத்துக்கு அடையாளம்! 1951 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் 4-க்கு 4 என்று பிரிந்ததால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்தது, அவர் தோற்றார்.

1953 ஏப்ரலில் ஐசனோவர் இதை 10450-ஆம் ஆணையாக விரித்தார். ஒருபாலின ஈர்ப்பும் பாதுகாப்பு ஆபத்து என்று ஆனது. அந்த வேட்டையில் 1957-ல் ராணுவ வரைபடத் துறையிலிருந்து துரத்தப்பட்ட வானியலாளர் ஃபிராங்க் காமெனியிடம் அரசு மன்னிப்புக் கேட்டது 2009-ல்.

அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் விஷயத்தில் 2022 டிசம்பர் 16 உத்தரவைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதியைப் பறித்த 1954 முடிவை எரிசக்தி அமைச்சர் கிரான்ஹோம் ரத்து செய்தார். ஓப்பன்ஹைமர் விசுவாசமானவரா என்று மறுவிசாரணை நடத்தவில்லை. அணுசக்தி ஆணையம் தன் சொந்த விதிகளையே மீறியது என்பதுதான் காரணம். அவருடைய வழக்கறிஞருக்கு ரகசியக் கோப்புகள் காட்டப்படவில்லை, வழக்கறிஞரோடு பேசியதை எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்டது. ஆணையம் 4-க்கு 1 என்று வாக்களித்தது ஜூன் 29. அவருடைய ஆலோசகர் ஒப்பந்தம் ஜூன் 30-ல் தானாகவே முடிய இருந்தது. பாதுகாப்புதான் கவலை என்றால் ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும்.

செங்காந்தள்:
நன்றி. மூலத்தையே படிக்க வேண்டுமென்றால் எதில் தொடங்கலாம்?

கோப்பு எண் 7:
பெய்லி வழக்கில் மேல்முறையீட்டு நீதிபதி எட்ஜர்ட்டன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் தொடங்குங்கள். விசாரணைக் குறிப்பின் பகுதிகள் அதிலேயே இருக்கின்றன. அடுத்து, மெக்கார்த்தி மூடிய அறையில் நடத்திய 1953-54 விசாரணைகள். செனட் 2003-ல் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது, இணையத்தில் இலவசம். அவற்றைத் தனியாகப் படிக்காமல், அதே நபர் பொது விசாரணைக்கு அழைக்கப்பட்டாரா என்றும் கூடவே பாருங்கள். மூடிய அறையில் தயங்காமல் எதிர்த்துப் பேசியவர்கள் பலரைக் கேமரா முன்னால் அவர் கொண்டுவரவே இல்லை.

வெனோனா தந்திகளின் படிகள் தேசியப் பாதுகாப்பு முகமையின் தளத்தில் உள்ளன. ஒவ்வொன்றிலும் "மீட்க முடியாத தொகுதிகள்" என்று எத்தனை இடைவெளிகள் இருக்கின்றன என்பதை எண்ணிக்கொண்டு படியுங்கள். எஃப்.பி.ஐ. கோப்பானால், தகவல் தந்தவர் பெயர் மையால் மறைக்கப்பட்டிருக்கும், அவருடைய குறியீட்டு எண்ணும் பல இடங்களில் மறைந்திருக்கும். ஒரே ஆள் சொன்னதை மூன்று அலுவலகங்கள் மாற்றி மாற்றி எழுதியிருந்தால் மூன்று சாட்சிகள் போலத் தெரியும். தேதியையும் சொற்றொடரையும் ஒப்பிட்டு அதைப் பிரித்தெடுக்க வேண்டும்.