வெப்பவாங்கி: தொடாமல் காய்ச்சல் பார்க்கும் கருவிக்கு ஒரு சொல்

வணக்கம். நெற்றிக்கு நேரே நீட்டித் தொடாமல் காய்ச்சல் பார்க்கும் கருவியின் பெயரை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு இங்கே வந்த மறுப்புகளுக்குப் பதில் சொல்கிறேன்.

> 'அகச்சிவப்புக் கதிர்வீச்சு வெப்பமானி' என்பதே அறிவியல்படி சரி. மாற்றத் தேவையில்லை.

ஐயா, அறிவியல்படி சரிதான். ஆனால் 'கதிர்' என்ற சொல் ஒருவரை என்ன செய்யும் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். 2020, வாளையார் சோதனைச்சாவடி. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுச் சித்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கருவியை நீட்டியதும் எங்கள் அப்பாரு தலைத்துண்டை நெற்றிக்கு இறக்கிவிட்டுக் கையைக் காட்டினார். "நெத்தி வேண்டாங் கண்ணு, கதிர் மூளைக்குப் போயிரும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. கூடங்குளம் செய்தியிலும் புற்றுநோய்ச் சிகிச்சையிலும் காதில் விழுகிற சொல் கதிர்வீச்சு.

உண்மையில் அந்தக் கருவி காய்ச்சல் பார்க்க எந்தக் கதிரையும் நெற்றிக்கு அனுப்புவதில்லை. நம் தோல்தான் இரவும் பகலும் அகச்சிவப்பை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை, வெளிவிடுகிறது. 9, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அது மிகுதி. கருவியின் முனை அதைக் குவித்து உள்ளேயிருக்கும் உணரிக்குக் கொடுக்கிறது. கதிர் போனது அப்பாருவிடமிருந்து கருவிக்கு! 1800-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில் சிவப்பைத் தாண்டி வெப்பமானியை வைத்து இந்தக் கதிரைக் கண்டுபிடித்தபோதும் வெப்பமானி வாங்கிக்கொள்ளத்தான் செய்தது.

மைக்கை 'ஒலிவாங்கி' என்கிறோமே, அந்த வழியில் இதை 'வெப்பவாங்கி' என்போம். வாங்குகிறது, கொடுப்பதில்லை என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது. 'தொடா வெப்பமானி' எளிமையானதுதான். ஆனால் தொடாமல் என்னத்தையோ பாய்ச்சுகிறது என்ற பயம் அதில் அப்படியே நிற்கிறது.

> 'வாங்கி' என்றால் அளப்பது தெரியவில்லையே?

அம்மா, எண் திரையிலேயே தெரிகிறது. அளப்பதைக் கண்டு யாரும் பயப்படவில்லை.

அப்புறம், பிசியோதெரபியில் மூட்டுவலிக்கு வைக்கும் விளக்கு. அது நிஜமாகவே அகச்சிவப்பை நம்மேல் பாய்ச்சுகிறது. அயனியாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை, எக்ஸ்ரே போல அணுவில் கை வைக்காது. ஆனால் சுடும். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போன எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு, விளக்கைக் கிட்டத்தில் வைத்ததில் குதிகாலுக்கு மேலே கொப்புளம் கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோதுதான் பார்த்தார். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் உலை முன்னால் நிற்பவர்களுக்குக் கண்தான் கவலை. கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு இமை தானாக மூடாது. பல வருடம் சூளை முன் வேலை செய்த கண்ணாடித் தொழிலாளிகளுக்குக் கண்புரை வந்தது மருத்துவம் நன்றாக அறிந்த செய்தி.

ஆகவே விளக்குக்கு 'சூட்டுவிளக்கு' என்ற பெயரை முன்வைக்கிறேன். 'அகச்சிவப்பு விளக்கு' என்றால் சுடும் என்று யாருக்குத் தோன்றும்? ஒரே கதிரில் இயங்கும் இரண்டு கருவிகள். ஒன்று வாங்கும், மற்றது சுடும். பெயர் கேட்டவுடன் இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

அகச்சிவப்பை ஆங்கிலத்தில் 'இன்ஃப்ராரெட்' என்கிறார்கள். அதில் 'இன்ஃப்ரா' என்றால் லத்தீனில் கீழே. அதை 'அகம்' என்றது பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, தனி இழையில் பேசலாம். இங்கே முதலில் வெப்பவாங்கி, சூட்டுவிளக்கு இரண்டுக்கும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.