படபடப்பு மாத்திரை போட்ட பிறகு மனசு மரத்துப்போன மாதிரி இருக்கிறது, வேறு யாருக்காவது இப்படி?

கேள்வி கேட்டவர்: கோவில்பட்டி வாத்தியார்

வணக்கம். வயது 46. அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பங்குனி, சித்திரை வந்தால் கோயில் கொடைகளில் பட்டிமன்றம் பேசப் போவதும் உண்டு. மேடையில் கை நடுங்குவது எனக்குப் புதிதில்லை. இத்தனை வருஷம் அதைச் சமாளித்துவிட்டேன். போன வருஷம் தலைமை ஆசிரியர் பொறுப்பும் சேர்ந்து வந்தது. அதற்குப் பிறகு நடுக்கம் மேடையோடு நிற்கவில்லை. போன் அடித்தாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை தூக்கமில்லை.

டாக்டர் ஈசிஜி எடுத்தார், தைராய்டும் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. ப்ரொப்ரனலால் 20 மில்லிகிராம், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. போட ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது.

படபடப்பு உண்மையிலேயே போய்விட்டது. முதல் வாரம் பதட்டமில்லாமல் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்தபோது இந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது.

இரண்டாவது மாதத்திலிருந்துதான் மாறியது. மாடியில் இருக்கிற பன்னிரண்டாம் வகுப்புக்கு ஏறுவதற்குள் கால் ஓய்ந்துவிடுகிறது. விரல் நுனி எந்நேரமும் ஜில்லென்று கிடக்கிறது. கனவுகள் விழித்திருக்கும்போது பார்ப்பதைவிடத் தெளிவாக வருகின்றன. இறந்துபோன அப்பா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை கேட்கிறார், சுண்ணாம்பு வாடைகூட மூக்கில் ஏறுகிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். கண்ணகி பாண்டியன் அவையில் நின்று நீதி கேட்கும் இடத்தை 22 வருஷமாக நடத்துகிறேன். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் என் குரல் உடையும், பிள்ளைகளும் அதை எதிர்பார்ப்பார்கள். இந்த வருஷம் கடைசிவரை ஒரே சுருதியில் வாசித்து முடித்தேன். மணி அடித்த பிறகு ஒரு பையன் வந்து, "ஐயா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

போன மாதம் என்னை வளர்த்த அத்தை தவறிப்போனார். ஆட்களைக் கூப்பிட்டேன், பந்தல் போட்டேன், கணக்குப் பார்த்தேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "ஒங்ககிட்ட பேசுனா செவுத்துகிட்ட பேசுத மாதிரி இருக்கு" என்கிறாள் என் மனைவி. கோபமும் வருவதில்லை, சிரிப்பும் வருவதில்லை.

போன வாரம் நானாகவே இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை நெஞ்சு முன்னைவிட மோசமாக அடித்தது. பயந்துபோய் மறுபடி போட்டுவிட்டேன். இது மாத்திரையின் வேலையா, இல்லை என் சுபாவமே மாறிவிட்டதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வயலின் பக்கவாத்தியம்

சார், நானும் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் இதே ப்ரொப்ரனலால் 10 மில்லிகிராம் போடுகிறவள்தான். ஆறு வருஷமாகப் போடுகிறேன், டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான். வில் பிடிக்கிற கை நடுங்கினால் எல்லாம் போச்சு இல்லையா. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி வீரர் ஒருவரிடமிருந்து இரண்டு பதக்கங்களைத் திரும்ப வாங்கியதும் இந்த மருந்துக்காகத்தான், அவ்வளவு தூரம் கையை நிலைநிறுத்தும்.

எனக்கு மனசு மரத்ததில்லை. ஆனால் நான் போடுவது மாதத்துக்கு நாலைந்து தடவை. தினமும் இரண்டு வேளை போடும் உங்களுடையதை அதோடு ஒப்பிட முடியாது. ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. முதன்முதலாகப் போட்டு வாசித்த அன்று, நெஞ்சு அடிக்காததால் கச்சேரியே நடக்காத மாதிரி இருந்தது. அந்த அடிப்பைத்தான் இத்தனை நாள் ஈடுபாடு என்று நினைத்திருந்தேன் போல. பழக நாளாயிற்று.

பதில்: பழைய மருந்துக்கடை

வாத்தியார் தம்பி, 38 வருஷம் மருந்துக்கடை நடத்திவிட்டு இப்போது தஞ்சாவூரில் வீட்டோடு இருக்கிறேன். முதல் வேலையாக அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். ப்ரொப்ரனலால் என்று ஒரு பெயர்தான் இருக்கிறதா, இல்லை கூடவே க்ளோனசெபாம், எட்டிசோலாம், அல்ப்ரசோலாம் என்று பதட்டத்தைத் தணித்து மந்தமாக்கும் மருந்து ஏதாவது இரண்டாவது பெயராக இருக்கிறதா? நம் நாட்டில் பதட்டத்துக்கு இப்படி இரண்டையும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பது சாதாரணம். வாங்குகிறவர்கள் ஒரே மருந்து என்றுதான் நினைப்பார்கள். இருந்தால், நீங்கள் சொல்லும் மந்தத்துக்கும் உணர்ச்சி மங்குவதற்கும் அந்த இரண்டாவது சரக்குக்குப் பெரிய பங்கு இருக்கலாம். நிறுத்தியதும் திமிறியதற்கும்தான்.

ப்ரொப்ரனலாலை மட்டும் எடுத்துக்கொண்டால், அது கொழுப்பில் கரையும் மருந்து, மூளைக்குள் போகும். இதே வகையைச் சேர்ந்த அட்டினலால் அவ்வளவாகப் போகாது. இந்த வகை மருந்துகள் தூக்கத்துக்காக ராத்திரியில் உடம்பில் சுரக்கும் மெலடோனினையும் குறைக்கும். தூக்கம் கெடுவதும் விசித்திரக் கனவும் அதனால் இருக்கலாம் என்பார்கள். கை ஜில்லிடுவது, படியேறினால் ஓய்ந்துபோவது, எல்லாம் தெரிந்த பக்கவிளைவுகள்தான்.

மனச்சோர்வு விஷயம் அவ்வளவு லேசாகச் சொல்வதற்கில்லை. நான் கடை வைத்த காலத்தில் இந்த மாத்திரை மனசைச் சோர்வில் தள்ளிவிடும் என்பது எல்லாரும் சொல்லும் பேச்சு. 2021இல் ஹைபர்டென்ஷன் இதழில் 285 ஆய்வுகளை, 53,000க்கு மேற்பட்ட ஆட்களின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரை போட்டவர்களைவிட இந்த வகை மருந்து போட்டவர்களுக்கு மனச்சோர்வு கூடவில்லை. தூக்கக் கோளாறும் கனவும்தான் கூடியிருந்தன. ஆனால் அதில் பெரும்பாலோர் ரத்த அழுத்தக்காரர்கள். பதட்டத்துக்குப் போடும் ஒவ்வொருவருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அனுபவம் பொய் என்றும் சொல்ல மாட்டேன்.

நீங்களாக நிறுத்தியது தப்பு, தம்பி. தொடர்ந்து போட்டுவிட்டுச் சட்டென்று விட்டால் இதயம் தாறுமாறாக அடிக்கும். இதய நோய் இருப்பவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. க்ளோனசெபாமும் அதே மாதிரி, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். ஆஸ்துமா இருந்ததா என்று டாக்டரிடம் சொன்னீர்களா? சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறீர்களா? சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும், வேர்வை ஒன்றுதான் அடையாளமாக மிஞ்சும்.

பதில்: இரண்டு பிள்ளைகளின் அம்மா

அண்ணா, என் வீட்டுக்காரரும் இப்படித்தான் இருந்தார். மாத்திரையைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். மனநல மருத்துவர் விசாரித்தபோது, மாத்திரை போடுவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே மனச்சோர்வு தொடங்கியிருந்தது தெரிந்தது. படபடப்பு மேலே தெரிந்ததால் அடியில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. உயிரோடு இருந்து என்ன என்கிற மாதிரி நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிட்டால் தமிழில் பேசுவார்கள், பணம் இல்லை.

கேட்டவர்: கோவில்பட்டி வாத்தியார்

மூன்று பேருக்கும் நன்றி. ஐயா, அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ப்ரொப்ரனலால் 20, க்ளோனசெபாம் 0.25 என்று இரண்டு பெயர். நாலு மாதமாக என் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது, படிக்கவில்லை.

நேற்று டாக்டரிடம் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவள் சொன்னாள். ஆஸ்துமா, சர்க்கரை இரண்டும் இல்லை. நாடித்துடிப்பு 56. இரண்டு மருந்தையும் தனித்தனி மாத்திரையாக மாற்றியிருக்கிறார். முதலில் க்ளோனசெபாமைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டு அதற்கப்புறம் மற்றதைப் பார்க்கலாம் என்றார். அந்தத் தங்கை சொன்னதையும் கேட்டேன். மனநல மருத்துவருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். இரண்டு மணி முழிப்பு மாத்திரைக்கு முன்னாலேயே இருந்ததுதானே.

அத்தைக்கு இன்னும் அழவில்லை. அவர் கொடுத்த பித்தளைச் செம்பை மட்டும் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். 18ஆம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.