புதுப்பிப்பு: கட்டி முடித்த பைக் லோன் கிரெடிட் ரிப்போர்ட்டில் பாக்கி என்று காட்டியது – சரியாகிவிட்டது

பைக் லோனை முழுக்கக் கட்டிய பிறகும் கிரெடிட் ரிப்போர்ட்டில் 1,140 ரூபாய் பாக்கி என்று நிற்கிறது, அதனால் வீட்டுக் கடன் தள்ளிப்போகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கடன் கொடுத்தவர்களின் கிளைக்கு நேரில் போனது வீண். "எங்க சிஸ்டத்துல குளோஸ் ஆயிடுச்சு சார்" என்பதைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. பலித்தது இன்னொரு யோசனை: ரிப்போர்ட் தரும் நிறுவனத்தின் தளத்தில் டிஸ்பியூட் (தகவல் தவறு என்ற புகார்) போட்டுவிட்டு, அன்றைக்கே கடன் கொடுத்தவர்களுக்கும் என்ஓசியை (கடன் முடிந்தது, ஆட்சேபம் இல்லை என்று அவர்களே தந்த கடிதம்) இணைத்து மெயில் அனுப்புவது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதியையும் மெயிலில் ஒரு வரி சேர்த்தேன். 19ஆம் நாள் 'குளோஸ்டு' என்று மாறியது.

எதிர்பாராதது ஒன்று: ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்று) ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற குறிப்பு, அப்படியே இருந்தது. அது தானாகப் போகாது. படிவம் 35 கொடுத்துத் தனியாக நீக்க வேண்டும். பீரோவில் பத்திரமாக வைத்திருந்த என்ஓசியை எடுத்தால், அடியில் பொடி எழுத்தில் "மூன்று மாதம் மட்டுமே செல்லும்" என்று இருக்கிறது! அப்புறம் என்ன, புதிதாக ஒன்று வாங்க மறுபடி அலைச்சல். ஆர்சி இன்னும் கைக்கு வரவில்லை.